தலையிலிருக்கும் மூட்டையை இறக்குவோமா?

வீட்டுக் கடன், மகளின் பரீட்சை, மருத்துவர் சொல்லப்போகும் முடிவு... இரவு படுத்த பிறகும் மனம் நாளைய தினத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று வாய் சொல்லும், மனம் கேட்காது. அப்படியானால் நம்பிக்கை என்பதுதான் என்ன?

ரமண மகரிஷியின் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்ப்போம்.

1896ஆம் ஆண்டு, மதுரையில் படித்துக்கொண்டிருந்த 16 வயது வேங்கடராமன் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கான 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைக் கடிதத்தோடு வைத்துவிட்டுப் போனார். (நம் வீட்டுப் பிள்ளை இப்படிப் போனால் போலீஸ் நிலையத்துக்குத்தான் ஓடுவோம், அது வேறு கதை.) வழியில் காசு தீர்ந்தது. கீழூரில் காதுக் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்தார். மீட்க வசதியாக இருக்கட்டுமே என்று வாங்கியவர் முகவரி எழுதிக் கொடுத்தார். சிறுவனோ சிறிது தூரம் போனதும் அதைக் கிழித்துப் போட்டுவிட்டார். செப்டம்பர் 1ஆம் தேதி அண்ணாமலையார் சந்நிதியை அடைந்த பின், மிச்சக் காசும் குளத்துக்குள் போனது.

குடும்பஸ்தர்களுக்கு இது ஆகுமா? ஆகாது. வீட்டைத் துறக்க வேண்டும் என்று வந்தவர்களை அவரே பல முறை தடுத்திருக்கிறார். அவர்களுக்கும் பொருந்தும் ஓர் உவமை 'நான் யார்?' நூலில் இருக்கிறது. ரயில் எல்லாப் பாரத்தையும் சுமக்கிறது. அதில் ஏறிய பிறகும் நம் சிறு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏன் சிரமப்பட வேண்டும்?

கவனியுங்கள், மூட்டையை ஜன்னல் வழியே வீசச் சொல்லவில்லை. டிக்கெட் எடுக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கடன் தவணையை உரிய நாளில் கட்டத்தான் வேண்டும். கட்டிய பிறகும் அடுத்த மாதத் தவணையை இன்றிரவே மனத்தில் கட்டிக்கொண்டிருக்கிறோமே, அதுதான் தலைச்சுமை.

சரணாகதி என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். ரமணரோ பல ஆண்டுகள் விடியற்காலையிலேயே எழுந்து ஆசிரமச் சமையலறையில் காய்கறி நறுக்கினார். எதையும் வீணாக்க விடமாட்டார். கையில் கத்திரிக்காய் இருக்கும்போது மனமும் அங்கேயே இருக்கும் என்றால், அதுவும் வழிபாடுதான்.

இறுதிக் காலத்தில் இடது கையில் புற்றுநோய்க் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை மீண்டும் மீண்டும் நடந்தது. அன்பர்கள் கலங்கினார்கள். மருத்துவர்கள் செய்த அறுவை சிகிச்சைகளுக்கு அவர் கையை நீட்டினார். ஆனால், பக்தர்களின் தரிசனத்தை நிறுத்த மட்டும் ஒப்பவில்லை. 1950 ஏப்ரல் 14, அவர் மறைந்த அன்று மாலையிலும் மக்கள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.