இயந்திரம் சொல்லும் வழு



வழுக்கள் எழுவகைப்படும் என்று நன்னூல் கூறும். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என அவற்றை நெடுங்காலமாகக் கற்பித்து வந்த எனக்கு, எட்டாவதாக ஒரு வழுவைக் காட்டியது எங்கள் கொடிகாமம் பாடசாலையின் கணினிக்கூடம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கணினி ஆசிரியர் விடுப்பில் நின்ற ஒரு நாள், உயர்தர வகுப்பிற்கு அவருக்குப் பதிலாக நான் சென்றிருந்தேன். கலைப் பட்டதாரியாகிய என்னால் வகுப்பின் அமைதியைக் காக்க முடியுமேயன்றி, அந்தப் பாடத்தில் உதவ இயலாது. மாணவி ஒருத்தி, பைத்தன் என்னும் கணினி மொழியிலே, ‘எக்ஸ் ஐந்துக்குச் சமமாயின்’ என்று ஒரு நிபந்தனையை எழுதினாள். ‘செல்லாத தொடரமைப்பு’ என்ற பொருளில் இரண்டே ஆங்கிலச் சொற்களைக் கணினி காட்டிற்று. அவள் அடைப்புக்குறியைச் சேர்த்தாள், முக்காற்புள்ளியை அழித்தாள், முழுவதையும் மீண்டும் எழுதினாள். இரண்டு பாடவேளைகள் கழிந்தன. மணி அடித்தபோது பிள்ளையின் கண்கள் கலங்கியிருந்தன.

அவள் செய்த பிழை யாது? இரண்டு சமன் குறிகள் வேண்டிய இடத்தில் ஒன்றை மட்டும் இட்டிருந்தாள். பைத்தன் மொழியில் ஒற்றைச் சமன் குறி, ஒரு பெயருக்குப் பெறுமானத்தை இடுகின்ற குறி. எங்கள் சந்தைக்கு வருவோர் கடகத்துக்குள் மாம்பழத்தை இடுவர். இடப்பக்கத்துப் பெயரே கடகம். வலப்பக்கத்துப் பெறுமானமே பழம். ‘எக்ஸ் சமன் 5’ என்றால் கடகத்துள் பழம் சேரும். ‘5 சமன் எக்ஸ்’ என்பதோ பழத்துக்குள் கடகத்தை இடப் பார்க்கும் வேலை. இரண்டும் சமமா என்று வினவுவதற்குத்தான் இரட்டைக் குறி.

சமன் குறியை 1557ஆம் ஆண்டில் வழங்கியவர் வேல்சு நாட்டவரான றொபேட் றெக்கோட். ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் அது சமத்துவத்தையே குறித்து நின்றது. 1957இல் வெளிவந்த போட்றான் மொழி, பெறுமானம் இடும் வேலையை அதன் தலையில் ஏற்றியது. நிக்கிளவுஸ் விர்த் 1970இல் வெளியிட்ட பஸ்கால் மொழியிலோ, பெறுமானம் இடுவதற்கு முக்காற்புள்ளியும் சமன் குறியும் சேர்ந்து வரும். ஒப்பிடுவதற்கு ஒற்றைச் சமன் குறியே போதும். எங்கள் மாணவி சாதாரண தர வகுப்பிற் படித்து வந்தது பஸ்கால். ஆகவே அவள் கவனமின்றி எழுதினாள் அல்லள். ஒரு மொழியின் சரியான இலக்கணத்தை மற்றொரு மொழிக்குள் கொண்டு வந்தாள். அந்த இரண்டு சொற்கள் அவளுக்கு இதனை உணர்த்தவில்லை.

வழுவைச் சொல்லும் சொற்களையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதைப் பைத்தனைப் பேணுவோர் அறிவர். அவர்களுடைய சோதனைக் கோப்பு ஒன்றில் வேண்டுமென்றே பிழையான கூற்றுகள் எழுதி வைக்கப்பட்டுள்ளன. எண்ணுக்குப் பெறுமானம் இடுதல், ஒரு சார்பின் அழைப்புக்குப் பெறுமானம் இடுதல், மூன்று பெயர்கள் நிற்க வேண்டிய வரிசையில் நடுவே மேற்கோட்குறிக்குள் ஓர் எழுத்தை நிறுத்துதல், இவ்வாறு பல. ஒவ்வொன்றின் கீழும், கணினி கூற வேண்டிய வாசகம் சொல்லுக்குச் சொல் எழுதப்பட்டிருக்கும். கணினி கூறியது ஒரு சொல்லேனும் மாறினால் சோதனை தோற்றதாகும். 2019இல் வெளிவந்த 3.8ஆம் பதிப்பில், ‘இயலாது’ என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லைச் சுருக்க வடிவிலிருந்து முழு வடிவிற்கு மாற்றியபோது, சோதனை வரிகளையும் மாற்ற வேண்டியதாயிற்று. (பழைய இரண்டாம் பைத்தனில் ‘மெய்’ என்ற சொல்லுக்கே பொய்யைப் பெறுமானமாக இடலாம், கணினி முகஞ்சுளிக்காது! 2008இல் வந்த மூன்றாம் பைத்தன் அதனைத் தடுத்தது.)

வாசகம் எழுதுவோர்க்கு ஓர் இக்கட்டு உண்டு. பிழை செய்தவர் எதனை எண்ணினார் என்பதைக் கணினி அறியாது. ஊகித்துச் சொல்லலாம், ஆனால் ஊகம் தவறினால் பிள்ளை வேறு திசையில் அலைய நேரிடும். வாளாவிருப்பதிலும் தவறான வழிகாட்டல் கொடிது என்பதை, விடைத்தாள் திருத்திய எவரும் ஒப்புவர். 2021 அக்டோபரில் வந்த 3.10ஆம் பதிப்பு அளவறிந்து ஊகித்தது. நிபந்தனையில் ஒற்றைச் சமன் குறி இட்டால், ஒருவேளை இரட்டைச் சமன் குறியையோ முக்காற்புள்ளியுடன் கூடிய சமன் குறியையோ கருதினீரா என்று அது கேட்கிறது. அன்று அந்த ஒரு வரி இருந்திருப்பின், இரண்டு பாடவேளைகள் மிஞ்சியிருக்கும்.

பின்னர் எங்கள் கணினிகளிலும் புதிய பதிப்பு வந்தது. மற்றொரு நாள் ஒரு மாணவன், ‘5 சமன் எக்ஸ்’ என எழுதி விட்டு, “சேர், லிட்டறலுக்குப் பெறுமானம் இட இயலாது என்று கிடக்குது, லிட்டறல் எண்டால் என்ன?” என்றான். ஆங்கிலம் கற்ற மிடுக்கில், ‘எழுத்துக்கு எழுத்தானது’ என்று பொருள் கூறினேன். அவன் தான் எழுதிய எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கத் தொடங்கினான். 5 என்பது போல, செய்நிரலில் நேராக எழுதப்பட்ட பெறுமானத்தையே அச்சொல் குறிக்கும் என்பதை மறுநாள் கணினி ஆசிரியரிடம் கேட்டு அறிந்தேன். காலைக் கூட்டம் முடிந்ததும் அவனை அழைத்துத் திருத்திச் சொன்னேன்.