பங்குக் கிணற்றில் சேறு வாருவது யார்?

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து செல்வோருக்கு முதலில் எதிர்ப்படும் தீவு மண்டைதீவு. நாற்புறமும் கடல் சூழ்ந்த இத்தகைய தீவுகளில் நன்னீர் என்பது உவர்நீரின் மேல் மெல்லிய படலமாய் மிதப்பது. அளவு மீறி இறைத்தால் உவர் ஏறிவிடும். ஆகவேதான் நம் பக்கத்துக் காணி உறுதிகளில் நிலத்தின் பரப்போடு கிணற்றின் பங்கும் வழிவாய்க்காலும் எழுதப்பட்டிருக்கக் காண்கிறோம். பங்குக்காரர் முறைவைத்து நீர் அள்ளுவர். கோடையில் ஒன்றுகூடிக் கிணற்றை இறைத்துச் சேறு வாருவர். 1990-ஆம் ஆண்டில் மண்டைதீவு மக்கள் போரினால் இடம்பெயர்ந்தபோது பங்குகள் உறுதியில் இருந்தன. சேறு வாரும் கைகள்தாம் இல்லாமற் போயின.

கணினியைப் பற்றி எழுதப் புகுந்தவர் கிணற்றை ஏன் இறைக்கிறார் என்று வாசகர்கள் வினவலாம். காரணம் உண்டு.

விலையின்றி யாவரும் எடுத்தாளவும் திருத்தவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருள்கள் இன்று உலகெங்கும் பரவியுள்ளன. 1993-இல் இயன் மர்டொக் என்பார் தொடங்கிய ‘டெபியன்’ அவற்றுள் ஒன்று. அதில் அறுபதினாயிரத்திற்கு மேற்பட்ட பொதிகள் உள. ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பராமரிப்பாளர் பெயர் குறிக்கப்பட்டிருக்கும். பிழை கேட்பதும் திருத்துவதும் புதிய பதிப்பைச் சேர்ப்பதும் அவர் கடன். இவர்களுட் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தொண்டர்.

பராமரிப்பாளர் சோர்ந்தால் என் செய்வது? அவரே ‘இது இனி அநாதை’ என்று அறிவித்துவிடலாம். அதில் இழிவு யாதுமில்லை. அவர் வாளாவிருந்து பொதி பழுதுற்றால், அதனை ஏற்க முன்வருபவர் பகிரங்கமாய் அறிவித்து 21 நாள் காத்திருக்கவேண்டும். மறுப்பு வராவிடின் பொறுப்பு அவர் கைக்கு மாறும். வெளிநாட்டிலுள்ள பங்குக்காரருக்குக் கடிதம் போட்டுவிட்டுக் காத்திருக்கும் நம்மவர்க்கு இது புதுமையன்று! சில பொதிகளைத் தனியொருவர் பெயரில் வையாது குழுவின் பெயரிலே வைப்பதும் உண்டு. தமிழைத் திரையிற் காட்டும் ‘லோகித்’ எழுத்துருவின் பொதி அவ்வாறு எழுத்துருக் குழுவொன்றின் பொறுப்பில் இருப்பது.

ஆயினும் குழுவில் யாரைச் சேர்ப்பது என்பதே பெரும் இடர்ப்பாடு. ‘எக்ஸ்-இசட்’ என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறு கருவி. எண்ணற்ற கணினிகளில் அது உண்டு. பின்லாந்தைச் சேர்ந்த லாசே கொலின் நெடுங்காலமாய் அதனைத் தனியே பேணிவந்தார். 2022-இல், தமக்கு மனநலக் குறைவு உண்டென்றும் இது ஊதியமற்ற பணியென்றும் அவர் வெளிப்படையாகவே எழுதினார். அதே வேளையில், வேலை மந்தமாய் நடக்கிறது, வேறொருவரைச் சேருங்கள் என்று முகமறியாச் சிலர் அவரை நெருக்கினர். ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் ஏற்கெனவே திருத்தங்களை அனுப்பி நல்லெண்ணம் சம்பாதித்திருந்தார். அவரிடம் பொறுப்பு மெல்ல மெல்லச் சென்றது. அவர் யாரென்பது இன்றுவரை வெளிப்படவில்லை.

2024 பெப்ருவரியில் வெளிவந்த பதிப்பில், பிறர் கணினிக்குள் களவாய் நுழைவதற்கான வழி மறைத்து வைக்கப்பட்டிருந்தது. டெபியனின் சோதனைக் கிளைகளிலும் அது புகுந்தது, நிலைப்பதிப்பிற் புகவில்லை. அன்ரஸ் பிரொய்ண்ட் என்னும் பொறியியலாளர், தொலைக்கணினியினுள் நுழைய வழக்கத்திலும் ஏறக்குறைய அரை விநாடி கூடுதலாவதைக் கண்டு ஐயுற்றுத் துருவினார். மார்ச் 29-இல் உலகிற்கு அறிவித்தார். அரை விநாடியைப் பொருட்படுத்தும் மனிதர் ஒருவர் இருந்தது நம் நற்பேறு.

டெபியனில் உறுப்பினராக விழைவோரின் மின்னொப்பச் சாவிக்கு ஏற்கெனவே உறுப்பினராய் உள்ளோர் சான்றளித்தல் வேண்டும்; பெரும்பாலும் நேரிற் கண்டு அடையாளம் பார்த்த பின்னரே அச்சான்று தரப்படும். தனியொருவர் பேணும் சிறு கருவிக்கு அத்தகைய வாயிற்காவல் ஏது? கொலினைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. நீர் அள்ளியோர் கோடி, வாளி பிடிக்க வந்தவர் ஒருவர், அவரும் வஞ்சகர்.

செய்தி வெடித்தபின் கொலின் திரும்பி வந்து, ஒவ்வொரு மாற்றத்தையும் ஆராய்ந்தார். அவ்வாண்டு மே மாதத்தில் நஞ்சு களைந்த பதிப்பை வெளியிட்டவரும் அவரே.