கறிவேப்பிலைக்குள் ஒரு தரங்கம்பாடி டாக்டர்

நெய்வேலியில எந்த வட்டத்துக்குப் போனாலும் குவார்ட்டர்ஸ் பின்பக்கம் ஒரு பலா, ஒரு முருங்கை, கண்டிப்பா ஒரு கறிவேப்பிலை இருக்கும். எங்க வீட்டு மரத்துக்கு என் வயசு, 21. வர்ற மே மாதம் அப்பா ரிட்டயர் ஆகிறார். வீட்டைக் காலி பண்ணணும், மரத்தைக் கொண்டுபோக முடியாது. "மழை விடறதுக்குள்ள ஒரு கன்னாவது எடுத்து வை"ன்னு அம்மா சொன்னாங்க. எப்படி எடுக்கறதுன்னு தேடப் போய்த்தான் இந்தக் கதை கிடைச்சது.

பழைய தாவரவியல் புத்தகங்களில் கறிவேப்பிலையின் பெயர் முராயா கோனிகி. இப்போது பெர்கெரா கோனிகி. இரண்டிலும் மாறாத 'கோனிகி' ஒரு ஆளோட பெயர். யோஹான் கெர்ஹார்ட் கோனிக், 1768-ல் தரங்கம்பாடிக்கு வந்த டாக்டர். அப்போ அது டென்மார்க்காரர்கள் ஆண்ட ஊர். நம்ம ஊரிலிருந்து சிதம்பரம், சீர்காழி தாண்டினா வந்துடும். செடிகளுக்கு இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸிடம் ஸ்வீடனில் படித்தவர் அவர். இங்கிருந்து செடிகளைக் காயவைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 1771-ல் லின்னேயஸ் கறிவேப்பிலைக்குத் தன் மாணவர் பெயரையே வைத்துவிட்டார். அதுக்கு ரொம்ப முன்னாடியே இந்த இலையைத் தாளிச்சவங்க யார் பெயரும் அதில் இல்லை!

நம்ம ஆட்கள் வச்ச பெயரும் சும்மா இல்லை. கறி, வேம்பு, இலை: வேப்பிலை மாதிரி இருக்கு, குழம்புல போடலாம். ஆனா இது வேம்புக்கு நேரடிச் சொந்தம் இல்லை, எலுமிச்சை குடும்பம். நம்பலைன்னா ஒரு இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்க. பொடிப்பொடியா தெரியற புள்ளிகள் எண்ணெய்ச் சுரப்பிகள், வாசனை அங்கிருந்துதான் வருது. எலுமிச்சை இலையிலும் அதே புள்ளிகள் இருக்கும். இன்னொரு சாட்சி, மழைக்கு அப்புறம் துளிரில் உட்கார்ந்திருக்கும், பறவை எச்சம் மாதிரித் தெரியற புழு. அது எலுமிச்சை இலையும் தின்னும், கறிவேப்பிலையும் தின்னும். பிறகு அழகான பட்டாம்பூச்சி ஆகிடும். அதனால மருந்து அடிக்காதீங்க, ரொம்ப அதிகமா இருந்தா கையால எடுத்துப் போடுங்க.

இனி கன்னு எடுக்கற விஷயம். கறிவேப்பிலை விதை பழுத்த உடனே போட்டாத்தான் முளைக்கும், காய்ஞ்சா வீண். ஐப்பசி, கார்த்திகையில் கைக்குக் கிடைக்கிறது வேர்க்கன்னுதான். தாய்மரத்தைச் சுற்றி முளைச்சிருக்கற சின்னச் செடிகள் பெரும்பாலும் அதன் வேரிலிருந்தே வந்தவை. சும்மா பிடுங்கினா தண்டு மட்டும்தான் கையில வரும். மண் ஈரமா இருக்கும்போது பக்கத்துல தோண்டி, தாய்வேரோட சேர்ற இடத்தை வெட்டி, சொந்த வேரும் மண்ணும் ஒட்டியபடி எடுக்கணும். பாதி இலையைக் கிள்ளிடுங்க, இல்லைன்னா வேர் குடிக்கிறதைவிட இலை அதிகமா நீரை விட்டுடும். நம்ம செம்மண்ணோட மக்கின குப்பை கலந்து, அடியில் ஓட்டை போட்ட தொட்டியில் நட்டு நிழலில் வைங்க. அடைமழையில் தண்ணி தேங்கினா வேர் அழுகிடும். மார்கழிக் குளிரில் வளரலைன்னு பயப்படாதீங்க, வெயில் ஏறினா துளிர்க்கும்.

நாங்க மூணு கன்னு எடுத்தோம். ஒண்ணு வாடிப்போச்சு. ரெண்டு பழைய பெயிண்ட் டப்பாவில் நிக்குது. ஒண்ணு எங்களோட வரும். இன்னொண்ணை எதிர் குவார்ட்டர்ஸ் அத்தைக்கு அம்மா ஏற்கனவே சொல்லிட்டாங்க.