மலையக இசைச் சேகரங்களை எண்ணிமப்படுத்தல்: மென்பொருள் தெரிவு பற்றிய சில கருத்துகள்

கண்டியிலிருந்து மாத்தளை நோக்கிச் செல்லும் ஏ9 வீதியில், அக்குறணையைக் கடந்த பின் வருவது அலவத்துகொட. தோட்டத் தொழிலாளரும், தமிழ் பேசும் முஸ்லிம்களும், சிங்களக் கிராம மக்களும் அயலயலாக வாழும் இத்தகைய பிரதேசங்களின் இசையில் அச்சேறியது மிகச் சொற்பமே. சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) போன்றோர் மலையக மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தனர். எனினும் ஏடு சொல்லைக் காக்குமேயன்றிக் குரலைக் காப்பதில்லை. காமன் கூத்தின் தப்பொலியும், ஒப்பாரியின் இழுப்பும், றபானின் தாளமும் எங்கேனும் பதிவாகி எஞ்சியிருப்பின், அவை பெரும்பாலும் வீட்டு அலுமாரிகளிற் கிடக்கும் கசற்று நாடாக்களிலேயே எஞ்சியிருத்தல் கூடும். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரைக் கடல் கடத்தியபோது பாடுவோரும் கூத்தைப் பயிற்றுவோரும் அவர்களோடு சென்றனர் என்பதையும் இங்கு மனங்கொள்ளல் வேண்டும்.

நாடா நெடுங்காலம் நிலைப்பதன்று. மலைநாட்டு ஈரக்காற்றிற் பூஞ்சணம் படியும். காந்தத் துகளைப் பிணைக்கும் பசை நீரை உறிஞ்சிச் சிதையும். யுனெஸ்கோ 2019இல் முன்னெடுத்த காந்தநாடா எச்சரிக்கைத் திட்டம், 2025ஆம் ஆண்டளவிற் பெரும்பாலான நாடாக்களை இயக்குவதே அரிதாகிவிடும் எனச் சுட்டியது. நாடா அழிவது ஒருபுறமிருக்க, அதனை இயக்கும் பொறியும் உதிரிப்பாகமும் அருகிவிட்டன என்பதே அவ்வெச்சரிக்கையின் உட்பொருள். ஆகவே, எந்த மென்பொருளை வாங்குவது என்று வினவுவோர் முதலில் நல்ல கசற்று இயக்கி ஒன்றைத் தேடிக்கொள்வது நன்று. ஒலித்தலை நாடாவுக்குச் செங்குத்தாக நில்லாவிடின் உயர்சுரங்கள் மங்கும். அவ்விழப்பைப் பின்னர் எம்மென்பொருளும் முற்றாக ஈடுசெய்யாது.

இனி மென்பொருளுக்கு வருவோம். ஒலியை உள்வாங்குதல், அதனைக் கோப்பாகச் சேமித்தல், அக்கோப்பு யாதெனக் குறித்துவைத்தல் ஆகியவை வெவ்வேறு பணிகள். ஒரே மென்பொருள் இவை யாவற்றையும் செவ்வனே செய்தல் வேண்டும் என எதிர்பார்ப்பதே குழப்பத்துக்கு மூலகாரணமாகிறது.

மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ் வரையான ஒலியைக் கேட்கவல்லது. அவ்வொலியை எண்ணாக்க, செக்கனுக்கு அதன் இருமடங்குக்கு மேற்பட்ட மாதிரிகளை எடுத்தல் வேண்டும். 1982இல் சந்தைக்கு வந்த இறுவட்டு 44,100 மாதிரிகளையும் 16 பிற்றுகளையும் கொண்டது. ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கம் ஆகக்குறைந்தது 48,000 மாதிரிகளும் 24 பிற்றுகளும் வேண்டுமென்கிறது, 96,000ஐயே விதந்துரைக்கிறது. வீட்டுக் கசற்றுக்கு 48,000 போதும் என்பது எமது துணிபு. 24 பிற்றில் மட்டும் விட்டுக்கொடுத்தலாகாது. மெல்லிய தாலாட்டையும் இடியெனத் தொடரும் தப்பையும் ஒரே பதிவில் ஏற்கும் இடைவெளியை அதுவே தருகிறது. இவ்வாறு பதிந்தால் ஒரு மணி நேர இருதட ஒலி ஏறத்தாழ ஒரு ஜிகாபைற்று இடத்தைக் கொள்ளும். இன்றைய வன்தட்டுகளுக்கு இது சுமையன்று. நேரமே சுமை: அறுபது நிமிட நாடாவுக்கு அறுபது நிமிடமும் அருகிலிருந்து கேட்டல் வேண்டும்.

உள்வாங்கலுக்கு ஓடாசிற்றி எனும் மென்பொருளை நாம் பரிந்துரைப்போம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மசோனி, டனன்பேர்க் ஆகிய இருவர் தொடங்கி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட இது இலவசமானது. இதன் மூலநிரல் யாவர்க்கும் திறந்தது. 2021இல் மியூஸ் குழுமம் இதனைக் கையகப்படுத்தியபோது, பயனாளர் தரவு சேகரிப்புப் பற்றிய விதிகளுக்குப் பெரும் எதிர்ப்பு எழுந்தது. மூலநிரல் பொதுவிலிருந்தமையால், அதிருப்தியுற்றோர் அதிலிருந்து வேறு மென்பொருளை உருவாக்கிக்கொள்ள முடிந்தது. மறுபுறம், கூல் எடிற் எனும் புகழ்பெற்ற மென்பொருளை அடோபி நிறுவனம் 2003இல் வாங்கி ஓடிசன் எனப் பெயரிட்டது; பின்னர் அது சந்தா முறைக்கு மாறியது. தரத்தில் அது குறைந்ததன்று. ஆனால் வாடகை செலுத்தும் வரையிலேயே கருவி கையிலிருக்கும் என்ற நிலை, வருவாயற்ற கிராமிய வாசிகசாலைக்கு உகந்ததாகுமா?

சேமிப்பில் ஒரு விதியே போதும்: மூலப்பிரதியை எம்பி3 வடிவில் வைக்கலாகாது. செவிக்குப் புலப்படாது எனக் கருதும் பகுதிகளை அது களைந்துவிடுகிறது, களைந்தவை மீளா. வேவ் அல்லது ஃபிளாக் வடிவமே தக்கது. 2001இல் வெளியான ஃபிளாக், எதனையும் இழக்காது கோப்பினை ஏறக்குறையப் பாதியாகச் சுருக்குவது. 2024இல் இணையப் பொறியியல் தரநிலையாகவும் ஏற்கப்பட்டது. வடிவத்தின் ஆயுள் அற்ப விடயமன்று. 1995இல் வந்த றியல் ஓடியோ வடிவில் ஒரு காலத்தில் எத்தனையோ தமிழ்ப் பாடல்கள் சேமிக்கப்பட்டன. இன்று அவற்றைத் திறக்கத் தனிக் கருவி தேடவேண்டியுள்ளது. ஓடாசிற்றி தனக்கென எழுதும் செயற்றிட்டக் கோப்பையும் ஆவணமாகக் கருதுதல் தவறு.

இரைச்சல் நீக்கம் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் அவசியம். பாட்டில்லாத ஒரு கணத்தின் ஒலியை மாதிரியாகக் கொண்டு, அதனை ஒத்ததை முழுப்பதிவிலும் தணிப்பதே இக்கருவியின் முறை. ஆயின் லயத்து வீட்டின் தகரக் கூரையில் விழும் மழையும், அயலிலுள்ள ஓடையின் ஒலியும் கணிப்பொறிக்கு இரைச்சலே. அப்பாட்டு எங்கே, எந்நிலையிற் பாடப்பட்டது என்பதற்கான சான்றும் அவையே. கேட்போருக்கெனத் தூய்மையாக்கிய பிரதி ஒன்றைத் தயாரிப்பதில் தடையில்லை. மூலத்தில் மட்டும் கைவைத்தலாகாது.

குறிப்பெழுதும் பணியிலேயே தமிழர் மிகுதியும் இடர்ப்படுகின்றனர். எம்பி3 கோப்புகளின் முதற் குறிப்புமுறை தலைப்புக்கு 30 பைற்றுகளை மாத்திரமே ஒதுக்கியது. யூ.ரி.எவ்–8 முறையில் ஒருங்குறித் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைற்று கொள்வதால், பத்துக் குறியீடுகளோடு இடம் தீர்ந்துவிடும். ‘காமன் கூத்து’ என்பதே அதனுள் அடங்காது. பாமினி எழுத்துருவில் எழுதிய பழைய குறிப்புகளோ, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் வெறும் இலத்தீன் எழுத்துக் குவியலாகத் தோன்றும். ஃபிளாக்கின் குறிப்புமுறை ஒருங்குறியையே ஏற்பது; இதுவும் அதன்பால் எம்மை ஈர்க்கும் காரணமாகும்.

இதனினும் ஆழமான சிக்கல் ஒன்றுண்டு. மியூசிக்பிறெயின்ஸ் போன்ற தரவுத்தளங்களும் அவற்றைச் சார்ந்த மென்பொருள்களும் கலைஞர், தொகுப்பு, தடம் என்ற பாகுபாட்டையே அடிப்படையாகக் கொள்கின்றன. இது இசைத்தட்டு வணிகம் தந்த பாகுபாடு. கொழுந்தெடுக்கும் பெண்கள் சேர்ந்து பாடும் பாட்டுக்கு ஆசிரியர் யார்? மாசி மாதத்தில் நாட்கணக்கில் நிகழும் காமன் கூத்து எந்தத் தொகுப்பின் எத்தனையாம் தடம்? ‘கலைஞர்: அறியப்படாதவர்’ என மென்பொருள் தானே நிரப்பும்போது, ஒரு சமூகத்தின் கூட்டுப் படைப்பு பெயரற்ற சரக்காகிவிடுகிறது. எனவே பாடியோர், தோட்டம், பிரிவு, சந்தர்ப்பம், பதிந்த ஆண்டு, நாடா உறையின் எழுத்து ஆகியவற்றைச் சாதாரண அட்டவணைக் கோப்பொன்றிற் சேகரிப்போரே தனியாக எழுதிவைத்தல் வேண்டும். கோப்பின் பெயரில் இலக்கம் மட்டும் இருந்தாற் போதும்.

பிரதிகள் ஓரிடத்தில் குவியலாகாது. 1981 யூன் முதலாந் திகதி யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களுள், வேறெங்கும் பிரதியற்றிருந்த ஏடுகளே மீட்கவியலாதவை. ஒரு வன்தட்டு அலவத்துகொடவில் இருப்பின், மற்றொன்று பேராதனையிலும், மூன்றாவது நாட்டுக்கு வெளியேயும் இருக்கலாம். எல்லாவற்றையும் உடனே பொதுவில் வெளியிடுதல் வேண்டும் என்பதும் இல்லை. இழவு வீட்டிற் பதிந்த ஒப்பாரி அக்குடும்பத்தினரின் துயரம். அதனை வெளியிடுமுன் அவர்களிடம் கேட்டு, அவர்கள் அளித்த விடையையும் அட்டவணையில் ஒரு நிரலாகப் பதிதல் வேண்டும்.