திருத்திய ரேடியோ இரைகிறதா? மீண்டும் கடைக்குக் கொண்டுபோக முன்

திருகோணமலைக் கரையோரத்தில் வாழும் உங்களுக்கு ரேடியோ பொழுதுபோக்குக்கு மட்டுமானதல்ல. 2000 டிசம்பரில் புயல் கரையைக் கடந்தது இந்த மாவட்டத்தில்தான். மின்சாரம் நின்று, தொலைபேசிக் கோபுரங்களும் செயலிழந்தால், வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கையைப் பற்றரி ரேடியோவில் கேட்கலாம். ஆகவே, ஒக்டோபரில் மழை தொடங்க முன்னரே அதைச் சரிபார்த்து வையுங்கள்.

திருத்திய பெட்டி இரைந்தால், திருத்தியவரில் பிழை என்று உடனே முடிவுசெய்ய வேண்டாம். இரைச்சல் பல வேளைகளில் வீட்டிலுள்ள வேறு பொருளிலிருந்து வருகிறது. சம்பூர், மூதூர் கிழக்கு மக்கள் 2006 இல் இடம்பெயர்ந்தபோது வீடுகளில் எல்.ஈ.டி மின்குமிழ்களும் கைத்தொலைபேசி சார்ஜர்களும் இந்த அளவில் இருக்கவில்லை. இவற்றுள் மலிவானவை பல, மின்சாரத்தை மிக வேகமாக வெட்டி வெட்டி மாற்றுகின்றன. அதைத் தடுக்கும் வடிகட்டி சரியாக இல்லாவிட்டால் அந்த அதிர்வு ரேடியோவில் இரைச்சலாகக் கேட்கும். மத்திய அலையில் இது கூடுதலாகத் தெரியும்; எப்.எம் இல் குறைவு.

இவ்வாறு கண்டுபிடியுங்கள்:

1. ரேடியோவின் மின்வயரைக் கழற்றி, பற்றரியில் போட்டுக் கேளுங்கள். “ம்ம்” என்ற உறுமல் உடனே நின்றால், பெட்டியின் மின்வழங்கிப் பகுதியில் கோளாறு இருக்கலாம். கடைக்காரரிடம் அதைச் சொல்லுங்கள்.

2. இரைச்சல் தொடர்ந்தால், வீட்டின் பிரதான சுவிட்சை நிறுத்துங்கள். இரைச்சல் நின்றால் காரணம் வீட்டுக்குள்தான். மீண்டும் போட்டு, மின்குமிழ், சார்ஜர், தொலைக்காட்சி, விசிறி ஆகியவற்றை ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். சோலர் இருந்தால், பிரதான சுவிட்சை நிறுத்தினாலும் அது இயங்கக்கூடும். அதையும் தனியாக நிறுத்திப் பாருங்கள்.

3. மத்திய அலையில் ரேடியோவை மெதுவாகத் திருப்புங்கள். உள்ளே இருக்கும் அன்ரெனாக் கம்பி ஒரு திசையில் இரைச்சலைக் குறைவாக எடுக்கும். அப்படியே வைத்துக் கேளுங்கள்.

4. பெட்டியை வெளியே, மின்கம்பிகளுக்குத் தூரமாகக் கொண்டுபோங்கள். அங்கும் இரைந்தால் பெட்டியில் கோளாறு இருக்கலாம்.

கடைக்காரரிடம் “சத்தம் வருது” என்று மட்டும் சொல்லாமல், எப்போது வருகிறது என்று சொல்லுங்கள். தட்டும்போது கரகரத்தால் ஈயம் வைத்த இணைப்பு சரியாகப் பிடிக்காமல் இருக்கலாம், அல்லது உப்புக் காற்றில் பற்றரித் தகடு கறள் பிடித்திருக்கலாம். ஒலிக் குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் அங்கே தூசு சேர்ந்திருக்கலாம். திருத்திய பின் நிலையங்கள் மங்கலாகக் கேட்டால், அன்ரெனா வயர் திரும்ப இணைக்கப்பட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஊர் முழுவதும் ஒரே இரைச்சல் கேட்டால், மின்கம்பத்தில் பொறி தட்டுவது காரணமாக இருக்கலாம். கம்பத்துக்கு அருகே போகாமல் மின்சார சபைக்கு அறிவியுங்கள்.

கவனம்: மின்சாரத்தில் இணைத்தபடி பெட்டியைத் திறக்க வேண்டாம். இணைப்பைக் கழற்றிய பின்னரும் உள்ளே மின் தேங்கியிருக்கும். இடி மின்னலின்போது வெளி அன்ரெனாவைத் தொட வேண்டாம்.

எச்சரிக்கை நாட்களில் சார்ஜர்களைக் கழற்றிவிட்டு, ரேடியோவைப் பற்றரியில் கேளுங்கள். ஒரு சோடிப் பற்றரியை மழைக்கு நனையாமல் தனியே எடுத்து வையுங்கள். அவசர உதவிக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஐ அழையுங்கள்.