செங்குத்துக் குழாயும் ஜலத்தின் பாரமும்

ஜொகூர் பாருவின் அஸ்தாக்கா இரட்டைக் கோபுரங்களுள் உயர்ந்தது 70 மாடிகளும் ஏறத்தாழ 279 மீட்டர் உயரமும் உடையது. அதன் அடி முதல் உச்சி வரை ஒரே குழாயை நிறுத்தி ஜலத்தால் நிரப்புவோமாயின், பத்து மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு பார் என்ற கணக்கில், அடிமாடியில் 27 பாருக்கு மேற்பட்ட அழுத்தம் சேர்ந்துவிடும். அக்குழாயில் பூட்டி, அவ்வளவு வேகத்தில் நீர் சீறிவரும் ஹோஸைப் பிடித்து நிற்க எந்தத் தீயணைப்பு வீரராலும் இயலாது.

சாதாரண பிளாட்டுகளில் பம்பு ஏற்றிவிட்ட நீர் கூரைத் தொட்டியிலிருந்து தன் பாரத்தாலேயே இறங்கி வருவதால்தான், மேல்மாடியில் மெலிந்து விழும் ஷவர் கீழ்மாடியில் பீறிடுகிறது. கழிவுக் குழாயோ கூரைக்கு மேல் வாய் திறந்திருக்க வேண்டும். அது அடைபட்டால், விழும் நீர் பின்னால் காற்றை இழுத்து, கழிப்பறை வளைவில் தேங்கி நாற்றத்தைத் தடுத்து நிற்கும் சிறிதளவு ஜலத்தையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும்.

அக்கினி பயத்துக்கென நிறுத்தப்படும் குழாய்களே இவ்வினத்தில் மகத்தானவை. மலேசியாவின் 1984-ஆம் ஆண்டுக் கட்டட உபவிதிகளின்படி, உச்சி மாடி 18.3 மீட்டருக்கு மேல் 30.5 மீட்டருக்குள் இருந்தால் வெறுங்குழாய் போதும்; பொம்பா எனப்படும் தீயணைப்புத் துறையின் வண்டி வந்து, தரைமட்டத்திலுள்ள வாயில் ஹோஸைப் பூட்டி நீரை ஏற்றும். அதற்கும் உயர்ந்தால், சொந்தத் தொட்டியும் பம்பும் கொண்டு எந்நேரமும் ஜலம் நிறைந்து நிற்கும் குழாய் அவசியம். அதுவும் சாதாரணமாக 61 மீட்டருக்கு மேற்படாத கட்டங்களாகப் பிரிந்திருக்க வேண்டும்.

அழுத்தத்தை அடக்குவதிலும் அளவு தவறலாகாது. 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒன் மெரிடியன் பிளாசாவின் 22-ஆம் மாடி பற்றியெரிந்தபோது, அழுத்தம் குறைக்கும் வால்வுகள் தவறாக அமைக்கப்பட்டிருந்தமையால் ஹோஸில் நீர் பலமின்றி வந்தது. தீயணைப்பு வீரர் மூவர் மாண்டனர். மாடி மாடியாக ஏறிய நெருப்பை 30-ஆம் மாடியின் தானியங்கி நீர்த்தெளிப்பான்களே தடுத்து நிறுத்தின.

நம் பிளாட்டுகளின் படிக்கட்டோரம் சிவப்புச் சாயம் பூசிய வெறுங்குழாயை நாம் ஒவ்வொருவரும் நின்று பார்க்கவேண்டும் என்று விரும்புகிறேன். அதன் பித்தளைப் பாகங்கள் களவு போகக்கூடியவை. மூன்றாம் மாடியில் வால்வு ஒன்று திறந்து கிடந்தால், பொம்பா ஏற்றும் ஜலம் அங்கேயே கொட்டிப்போக, எட்டாம் மாடியில் ஹோஸோடு காத்து நிற்பவருக்குத் தேவையான அழுத்தம் போய்ச் சேராது.