மெய்நிகர் உலகில் மனை யாருக்கு?

மெய்நிகர் உலகம் பற்றிய நாவல்களைப் பலரும் அவற்றில் வரும் விந்தைக் கருவிகளுக்காகப் படிக்கிறார்கள். பொருளாதாரம் கற்பித்துப் பழகிய எனக்கோ அவற்றில் முதலில் கண்ணில் படுவது மனை விலையும் வாடகையும் கடனும்தான். முகத்தில் மாட்டிக்கொள்ளும் கருவி வெறும் வாசற்கதவு. அதைத் திறந்து உள்ளே போனால், நமக்கு நன்கு பழக்கமான சொத்துடைமைச் சமூகமே எதிர்ப்படுகிறது.

'மெட்டாவெர்ஸ்' என்ற சொல்லைத் தந்தது, நீல் ஸ்டீஃபன்சன் 1992-இல் எழுதிய 'ஸ்னோ கிராஷ்' என்னும் அமெரிக்க நாவல். அதன் நாயகன் நிஜ வாழ்வில் பீட்சா விநியோகித்தவன். சாமான்களைப் போட்டு வைக்கும் வாடகைக் கிடங்கு ஒன்றில், இன்னொருவரோடு இடத்தைப் பகிர்ந்து வாழ்பவன். மெய்நிகர் உலகிலோ அவனுக்குச் சொந்த வீடு இருக்கிறது. காரணம் எளிது: மனை மலிவாக இருந்த காலத்தில் நண்பர்களோடு முந்திக்கொண்டு வாங்கிவிட்டான். அந்த உலகின் பெருவீதி 65,536 கிலோமீட்டர் நீளம் கொண்டது. பூமியின் சுற்றளவைவிட அதிகம். ஆயினும் அதன் ஓரத்தில் கட்டடம் எழுப்ப மனை வாங்க வேண்டும், அனுமதி பெற வேண்டும், ஆய்வாளருக்குக் கையூட்டும் கொடுக்க வேண்டும். பொதுக் கணினி மையத்திலிருந்து நுழையும் ஏழையின் அவதாரம் மங்கலான கறுப்பு வெள்ளையில் தெரியும். உடலைத் துறந்து போன இடத்திலும் வர்க்கம் முகத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

இங்கே ஒரு பொருளாதாரப் புதிர் உண்டு. கணினியில் உருவாக்கிய மனையை எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறத்தாழச் செலவின்றி நகலெடுக்கலாம். அப்படியானால் அதற்கு விலை எங்கிருந்து வருகிறது? இயற்கை விதிக்காத பற்றாக்குறையை விதிமுறைகள் உருவாக்குவதிலிருந்து வருகிறது. 'டீசென்ட்ராலேண்ட்' என்ற இணைய உலகம் தன் மனைகளின் எண்ணிக்கையைச் சுமார் 90,000 என்று வரையறுத்தே விற்றது. அந்த எண்ணை நிர்ணயித்தவர்கள் மனிதர்கள். கடலோ மலையோ அல்ல.

இது வெறும் கற்பனைக் கணக்கு அன்று. 'எவர்குவெஸ்ட்' என்ற இணைய விளையாட்டின் சந்தையை எட்வர்ட் காஸ்ட்ரனோவா என்ற அமெரிக்கப் பொருளியலாளர் ஆராய்ந்து 2001-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வாளும் கேடயமும் நிஜப் பணத்துக்குக் கைமாறிய விலைகளைக் கொண்டு கணக்கிட்டபோது, அந்த இல்லாத நாட்டின் தலா உற்பத்தி ஆண்டுக்கு 2,266 டாலர் என்று வந்தது. ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடைப்பட்ட நிலை! விளையாடுபவரின் ஒரு மணி நேர உழைப்பின் மதிப்பு 3.42 டாலர். நாவலாசிரியர்கள் ஊகித்ததை ஒரு கல்வியாளர் எண்ணிக் காட்டினார்.

எர்னஸ்ட் கிளைன் 2011-இல் எழுதிய 'ரெடி பிளேயர் ஒன்' இலக்கியத் தரத்தில் ஒரு படி கீழே என்பது என் கருத்து. பொருளாதார நுட்பத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன். பழைய வண்டி வீடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய குடியிருப்பில் வாழும் சிறுவன் அதன் நாயகன். 'ஒயாசிஸ்' என்ற மெய்நிகர் பிரபஞ்சத்தில் நுழையக் கட்டணம் வெறும் கால் டாலர். அதற்குள் ஒரு கோளிலிருந்து இன்னொரு கோளுக்குப் போகத்தான் பணம் வேண்டும். எனவே பள்ளி இருக்கும் கோளிலேயே அவன் முடங்கிக் கிடக்கிறான். தொலைவே இல்லாத உலகில் தொலைவுக்குக் கட்டணம்! கடனைக் கட்டாதவர்களை நிறுவனம் பிடித்துவந்து வேலை வாங்குகிறது. உறைவிடச் செலவைக் கூலியில் கழிப்பதால் கடன் தீர்வதே இல்லை. 1976-இல் நாம் சட்டமியற்றித் தடைசெய்த கொத்தடிமை முறையை இதில் எவரும் அடையாளம் காணலாம்.

தொழில்துறை இந்தக் கதைகளிலிருந்து எடுத்துக்கொண்டது பெயரையும் கருவியையும் மட்டுமே. ஃபேஸ்புக் நிறுவனம் 2021-இல் 'மெட்டா' ஆனது. இத்தொழில்நுட்பத்தை வளர்க்கும் அதன் பிரிவு 2022-இல் மட்டும் சுமார் 1,370 கோடி டாலர் நட்டம் கண்டது. அதே ஆண்டில், தன் மெய்நிகர் உலகில் பொருள் படைத்து விற்பவர்களிடம் மொத்தமாக 47.5 விழுக்காடு வரை பிடித்தம் செய்யும் திட்டத்தையும் அறிவித்தது. எந்த நிலக்கிழாரின் வாரத்தோடும் ஒப்பிடத்தக்க விகிதம் இது. கதைகள் சொல்லாமல் விட்ட தலைச்சுற்றலும் குமட்டலும் கருவியின் விற்பனைக்குத் தடையாயின என்பது வேறு விஷயம்.

நாவலாசிரியர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. 'ரெடி பிளேயர் ஒன்' நாவலை ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 2018-இல் திரைப்படமாக்கினார். அதன் முடிவில் போட்டியில் வென்ற இளைஞனும் நண்பர்களும் ஒயாசிஸின் உரிமையாளர்கள் ஆகிறார்கள். செவ்வாயும் வியாழனும் அதை மூடி வைக்கிறார்கள். நல்லவர் கைக்குச் சொத்து வந்துவிட்டது, கதை முடிந்தது. அங்கே நாள்தோறும் வாழ்ந்து உழைக்கும் கோடிக்கணக்கானோரிடம் அந்த இரு நாள் விடுமுறை வேண்டுமா என்று யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.